ஜூன் மாதத்தில் பனி என்றொரு டெலக்ஸ்

எங்கள் பழைய ஊழியர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். வந்தவர்களை உட்காரவைத்து, என்னிடம் கேட்பதற்கு முன் வேறு யார் யாரிடம் கேட்டீர்கள் என்று விசாரித்தேன். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். அவர்களில் ஒருவரின் மகள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம். ஜூன் மாதம் நார்வேக்கு ஆறு பேரை அனுப்புவதற்கு எல்லா ஏற்பாட்டையும் ஒரு மதியத்தில் போனிலேயே முடித்துவிட்டாளாம். அங்கே எந்தச் சாலையில் பனி இருக்கிறது, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதெல்லாம் போனிலேயே தெரிகிறதாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பழைய நினைவு ஒன்று உறுத்திக்கொண்டிருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பெங்களூர் சாலையோரம் இருந்த பம்பு தொழிற்சாலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அப்போது சுற்றிலும் நெல்வயலும் ஏரியும்தான். குன்றத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவேன். மூன்று வருடம் டைப் அடித்தேன், இரண்டு வருடம் டைம் ஆபீஸில் வருகைக் கார்டு எண்ணினேன், பிறகு நிர்வாகப் பிரிவில் கிளார்க் ஆனேன். வெளியூர் போகிறவர்களுக்கு டிக்கெட், பயண உத்தரவு, வழிச்செலவுப் படிவம் எல்லாம் என் மேஜைக்கு வந்தன. நான் சென்னையைத் தாண்டி திருப்பதி வரைக்கும் போயிருந்தேன். உலகத்துக்கு வழி சொல்லும் தகுதி எனக்கு அவ்வளவுதான்.

எங்கள் நிர்வாக மேலாளர் கங்காதரன் சார். பட்டாளத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். குரலை உயர்த்த மாட்டார். எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், அழித்து எழுதியிருக்கிறதா என்று. ஒரு கேள்வி கேட்பார். நாம் பதில் சொல்வோம். வேறு ஏதேதோ பேசிவிட்டு, பத்து நிமிடம் கழித்து அதே கேள்வியைப் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பார். பதில் மாறினால் பொய் என்று அர்த்தம். காலையில் தபால் பை வந்ததும் ஒவ்வொரு காகிதத்தின் மூலையிலும் பச்சை மையில் இனிஷியல் போட்டு எங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். "பேப்பரை யாருக்குக் குடுத்தாலும் வெறுங்கையோட குடுக்காத, தனபால். தபால் புத்தகத்துல வாங்கினவன் கையெழுத்த வாங்கு. கடவுளே வந்து கேட்டாலும் வாங்கு" என்பார்.

நான் அவரிடம் வேலை கற்றவன். ஒரு உதாரணம் சொல்கிறேன். மாமனார் இறந்துவிட்டார் என்று மூன்று நாள் விடுப்பு கேட்டு ஒரு லேத் ஆபரேட்டர் ஆள் அனுப்பியிருந்தார். போய்ப் பார்த்துவிட்டு வா என்று சார் என்னை அனுப்பினார். வல்லம் பக்கம் வரப்பு மேலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். தெருவில் பந்தல் போட்டிருந்தது, பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். அதோடு திரும்பியிருக்கலாம். நான் உள்ளே போய்ப் பிணத்தைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம் இறந்தவர் பெயரைக் கேட்டு, மாமனார்தானா என்று உறுதி செய்துகொண்டு வந்தேன். லேத் ஆபரேட்டர் என்னைப் பார்த்துவிட்டு, "வந்துட்டியாண்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். துக்கம் விசாரிக்க வந்தேன் என்று நினைத்துவிட்டார். ஆபீஸுக்கு வந்து 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார் பாராட்டினார். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பம்புகள் நார்வே நாட்டுக்குப் போயின. அங்கே வடகோடியில், கடலோரத்தில் இருந்த ஒரு மீன் பதனிடும் ஆலைக்கு நான்கு பம்புகள். அவற்றைப் பொருத்தி ஓட்டிக் காட்ட ஒருவர் போக வேண்டும். ஃபிட்டர் லூர்துநாதனைத் தேர்ந்தெடுத்தார்கள். தண்டலத்துக்கு அருகில் ஒரு கிராமத்து ஆள், முப்பது வயது இருக்கும். பம்பின் சத்தத்தை வைத்தே உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கம்பெனியிலிருந்து வெளிநாடு போகும் முதல் தொழிலாளி அவர்தான். அதுவரை ஆபீஸர்கள் மட்டுமே போய்வந்தார்கள். அதனால் கேன்டீனில் பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல்.

பயணத்தைத் திட்டமிடுவது என் வேலை. மே மாதம், கத்தரி வெயில். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஃபேன் வெந்நீரைத் தெளிப்பதுபோல ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் ஒரு பள்ளிக்கூட அட்லஸும், நார்வே சுற்றுலாவுக்கென்று அச்சடித்த ஒரு வண்ணப் புத்தகமும் இருந்தன. புத்தகத்தில் ஜூன் மாதம் என்று போட்டு, பச்சைப் புல்வெளியில் அரைக்கை சட்டை போட்ட பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தலைநகரத்திலிருந்து ரயிலில் வடக்கே போய், கடைசி ஊரில் இறங்கி, மலையைத் தாண்டும் பஸ்ஸைப் பிடித்தால் அரை நாளில் ஆலை. ஸ்கேலை வைத்து அளந்து அப்படியே டைப் அடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த டெலக்ஸ், தந்திபோல மெஷினில் அடித்து வரும் செய்தி, வந்தது. எங்கள் டிக்கெட் ஏஜெண்டுக்கு, நார்வேயில் அவருக்காக டிக்கெட் ஏற்பாடு செய்பவர்கள் அனுப்பியது. அதன் நகலை ஏஜெண்ட் தபால் பையில் அனுப்பியிருந்தார். சார் வழக்கம்போல மூலையில் பச்சை இனிஷியல் போட்டு என்னிடம் தள்ளினார். அதில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, ஜூன் மாதத்தில் அந்த ஊரில் சூரியன் மறைவதே இல்லை, தூங்குவதற்குக் கண்ணைக் கட்டிக்கொள்ளத் துணி எடுத்துவரச் சொல்லவும். இரண்டு, மலைச்சாலை இன்னும் பனியில் மூடியிருக்கிறது, எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது, கடலோரக் கப்பலில் வருவதே நல்லது.

நான் படித்துவிட்டுச் சிரித்தேன். பக்கத்து மேஜை சம்பந்தத்திடம் காட்டினேன்.

"இன்னாபா இது, சூரியன் அஸ்தமிக்காதாம். ஆனா பனி மட்டும் உருகாதாம்" என்றேன்.

"நம்மூர்ல பன்னெண்டு மணி நேர வெயிலுக்கே தார் ரோடு உருகுது. இருவத்தி நாலு மணி நேரம் காஞ்சா பனி எங்கேர்ந்து வரும்? கப்பல் டிக்கெட் வித்தா அவனுக்குக் கமிஷன் ஜாஸ்தி. காதுல பூ சுத்துறான்" என்றார் சம்பந்தம்.

அதுதான் எனக்கும் தோன்றியது. ஏஜெண்டின் தந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட. டெலக்ஸை 'இதர' என்று எழுதியிருந்த ஃபைலில் செருகிவிட்டு, பஸ் திட்டத்தை அப்படியே அனுப்பினேன்.

ஸ்டோர்ஸில் கம்பெனியின் கம்பளிக் கோட்டு ஒன்று இருந்தது. ஒன்றுதான். குளிர் நாட்டுக்குப் போகிற ஆபீஸர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போய், திரும்பி வந்ததும் ஒப்படைப்பார்கள். லூர்து அதைக் கேட்டு என் மேஜைக்கு வந்தார்.

"ஜூன்ல எதுக்குப்பா கோட்டு? அங்க கோடை" என்று வண்ணப் புத்தகத்தைக் காட்டினேன்.

"பங்குச் சாமியார் சொன்னாருண்ணா, அங்கெல்லாம் எப்பவுமே குளிராத்தான் கீதாம். எதுக்கும் எட்த்துனு போறேன்."

கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போய்ப் படம் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்று எனக்குப் பட்டது. படிவத்தில் 'கம்பளி உடை: தேவையில்லை' என்று அடித்து அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். அவர் போட்டுவிட்டுப் போனார்.

ஜூன் முதல் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். அன்று சாயங்காலமே அங்கிருந்து தலைமை அலுவலகத்துக்குச் செய்தி வந்துவிட்டது, உங்கள் ஃபிட்டர் வரவில்லை என்று. சனி போயிற்று, ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று, தகவல் இல்லை. செவ்வாய்க்கிழமைக்குள் கேன்டீனில் கதை தயாராகிவிட்டது. லூர்துவின் சித்தப்பா மகன் கப்பலில் வேலைக்குப் போய், ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டவன். இவனும் அப்படித்தான் ஓடிவிட்டான் என்றார்கள். புதன்கிழமை, 'ஃபிட்டர் வந்து சேர்ந்தார்' என்று ஒரே வரியில் செய்தி வந்தது. காரணம் எதுவும் அதில் இல்லை. ஓடப் பார்த்து, முடியாமல் திரும்பியிருக்கிறான் என்று கதையைத் திருத்திக்கொண்டார்கள்.

லூர்து பம்புகளைப் பொருத்தி ஓட்டிக் காட்டிவிட்டு, மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். காலை ஷிஃப்ட்டுக்கு வந்து பார்த்தால் கார்டு அடுக்கில் அவருடைய கார்டு இல்லை. கையில் சார்ஜ் ஷீட்டைக் கொடுத்தார்கள். நான்கு நாள் எங்கே இருந்தார் என்பதற்குத் தக்க விளக்கம் இல்லையென்றால் வேலை போகும். வீட்டில் மனைவி ஸ்டெல்லா, இரண்டு பிள்ளைகள். ஸ்டெல்லா அப்போது மூன்றாவதுக்கு முழுகாமல் இருந்தார்.

விசாரணை பயிற்சி அறையில் நடந்தது. விசாரித்தவர் கங்காதரன் சார், பதிவு எழுதியவன் நான். லூர்து எதிரே கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. வெயிலில் காய்ந்த கறுப்பாக அது இல்லை.

"வெள்ளிக்கிழமை எங்க இருந்தே?" என்றார் சார்.

"ரயில் உட்ட ஊர்லதான் சார். மலை ரோடு பனியில மூடிக்கினு கீது, பஸ் இல்லேன்னுட்டாங்க. நாளைக்குத் தொறக்கும், நாளைக்குத் தொறக்கும்னாங்க. மூணு நாளு பாத்தேன்."

"ஆலைக்கு ஏன் போன் பண்ணல?"

"பஸ் கவுன்டர் பொண்ணு சனிக்கெழமையே பண்ணிச்சு சார். யாரும் எடுக்கல. பெந்தெகொஸ்தே திருநாளு சார் அது. அந்த நாட்டுல திங்கக்கெழமையும் லீவு. செவ்வாக்கெழமதான் எடுத்தாங்க. துறைமுகத்துக்குப் போயி கப்பல்ல வான்னாங்க. வந்துட்டேன்."

சார் நிதானமாகத் தண்ணீர் குடித்தார். பம்புகளைப் பற்றிக் கேட்டார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். பத்து நிமிடம் ஆயிற்று.

"ஆமா, வெள்ளிக்கிழமை எங்க இருந்தேன்னு சொன்னே?"

லூர்து முதலில் சொன்னதை ஒரு சொல் மாறாமல் சொன்னார். நான் மனதுக்குள் தப்பித்தான் என்று நினைத்தேன். சார் என் பக்கம் திரும்பி, "எழுதிக்கோ. மனப்பாடம் பண்ண மாதிரி ஒரே பதில்" என்றார்.

லூர்து சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். பஸ் கவுன்டரில் எழுதிக் கொடுத்த சான்று. முழுக்க அந்த நாட்டு மொழி. சார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. சோப்பு விளம்பரமாக்கூட இருக்கலாம். ஜூன் மாசத்துல பனின்னு சொன்னா நம்புறதுக்கு இங்க யாரு இருக்கா?"

நான் இருந்தேன். பேனா என் கையில்தான் இருந்தது. ரோடு பனியில் மூடியிருக்கிறது என்று லூர்து சொன்ன கணத்திலேயே எனக்கு அந்த டெலக்ஸ் நினைவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு, 'பனி என்று கூறுகிறார்' என்று எழுதினேன். அடுத்த விசாரணை நான்கு நாள் கழித்து என்று ஒத்திவைத்தார்கள்.

அன்று மாலை எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு 'இதர' ஃபைலைப் பிரித்தேன். டெலக்ஸ் இருந்தது. மூலையில் பச்சை இனிஷியல். அதாவது சாரும் பார்த்திருக்கிறார், அல்லது பார்க்காமலே போட்டிருக்கிறார். இதை வெளியே எடுத்தால் நான் மாட்டுவேன், கூடவே அவரும் மாட்டுவார். அவரை மாட்டிவிட்டு அந்த ஆபீஸில் எவன் பிழைப்பான்? எனக்கும் வீட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நான்கு நாளும், லூர்து உண்மையிலேயே ஓடப் பார்த்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். சித்தப்பா மகன் கதையை நானே நோண்டி நோண்டி விசாரித்தேன். அது உண்மையாக இருந்தால் டெலக்ஸைப் பற்றி நான் கவலைப்பட வேண்டியதில்லை அல்லவா? மூன்றாம் நாள் ஸ்டெல்லா கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார்.

"அண்ணா, நீங்கதான் எல்லாத்தியும் எழுதுறீங்களாமே. அவரு சொல்றத சொன்ன மாதிரியே எழுதுங்கண்ணா. வேற ஒண்ணும் வேணாம்."

இவர் எதற்காக என்னிடம் வந்தார், டெலக்ஸ் விஷயம் எப்படியாவது தெரிந்திருக்குமோ என்றுதான் என் புத்தி முதலில் போனது. அப்புறம் அவர் காலைப் பார்த்தேன். வீங்கியிருந்தது. தண்டலம் தாண்டியிருக்கும் ஊரிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். எனக்கு என் மேலேயே அருவருப்பாக வந்தது.

மறுநாள் காலை, விசாரணைக்கு ஒரு மணி நேரம் முன்பு, டெலக்ஸையும் தபால் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் காகிதத்தை ஜன்னலுக்குத் தூக்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்க இருந்தது?"

"இதர ஃபைல்ல சார். நான்தான் போட்டேன்."

"இந்த இனிஷியல் என்னோடது மாதிரி இல்லையே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், நீங்க போட்டதுதான். என் எதுர்ல போட்டீங்க."

அவர் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். கம்பெனி பஸ் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். குன்றத்தூரில் தண்ணீர்க் கஷ்டம் தீர்ந்ததா என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். பிறகு, "ஆமா, இது எங்க இருந்ததுன்னு சொன்னே?" என்றார்.

"இதர ஃபைல்ல சார். நான்தான் போட்டேன்."

"உனக்கும் அந்த லூர்துக்கும் என்ன? வெளிநாட்டுலேர்ந்து ஏதாவது கொண்டுவந்து குடுத்தானா?"

பதினோரு வருடம் அவரிடம் வேலை பார்த்தவன் நான். அவர் எல்லோரையும் இப்படிக் கேட்டபோதெல்லாம் பக்கத்தில் நின்று ரசித்திருக்கிறேன். அதே கேள்வி என் மேல் விழுந்தபோதுதான் அது எப்படி வலிக்கும் என்று தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் டெலக்ஸை எடுத்து மேஜை டிராயரைத் திறந்தார். அது உள்ளே போனால் அப்புறம் வெளியே வராது.

நான் தபால் புத்தகத்தை அவர் முன்னால் வைத்தேன். 'டெலக்ஸ் நகல் ஒன்று, மலைச்சாலையில் பனி குறித்து' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன்.

"சார், பேப்பரை வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தை எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்து, பழக்கத்தில் கை போனபடி இனிஷியல் போட்டார். டெலக்ஸ் அவருடைய இடது கையில் இருந்தது, புத்தகம் வலது கைக்குக் கீழே இருந்தது. இரண்டு இனிஷியலும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக இருந்தன. அவரும் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் டிராயரை மூடினார். டெலக்ஸ் மேஜைமேல்தான் இருந்தது.

அன்றைய விசாரணை கால் மணி நேரம்கூட நடக்கவில்லை. சார் டெலக்ஸைப் படித்துப் பதிவில் சேர்க்கச் சொன்னார். இனிஷியலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தகவலை உரியவருக்குத் தெரிவிக்கத் தவறியதாக எனக்கு ஒரு மெமோ வந்தது. அது நியாயம்தான். லூர்துவுக்கான உத்தரவை நானே டைப் அடித்தேன். 'சந்தேகத்தின் பலன் அளிக்கப்பட்டு மீண்டும் பணியில் சேர்க்கப்படுகிறார்' என்று சார் சொல்லச் சொல்ல அடித்தேன். நிரபராதி என்று போடலாமே என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்?" என்றார்.

உத்தரவைக் கொடுக்க லூர்துவைத் தேடிக்கொண்டு போனேன். சைக்கிள் ஸ்டாண்டில் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தார்.

"சந்தேகத்தின் பலன்னா இன்னாண்ணா?"

"உன்னை விட்டுட்டாங்கன்னு அர்த்தம்."

"நம்பிட்டாங்கன்னு அர்த்தமா?"

டெலக்ஸ் என்னிடம்தான் இருந்தது, மே மாதத்திலிருந்தே இருந்தது என்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தேன். அவர் உத்தரவை மடித்துப் பையில் வைத்தார்.

"எங்க இருந்தே, யாரப் பாத்தே, இன்னாத்துக்கு லேட்டு, எல்லாம் கேட்டீங்க. ரெண்டு ரெண்டு தபா கேட்டீங்க. மொத நாளு அந்த ரயில் டேசன் பெஞ்சுல படுத்துனு இருந்தேன். வெறும் சட்டையோட. வெளிய பாத்தா வெயிலு பளபளன்னு அடிக்குது, கையி மட்டும் வெறச்சிப் போயி மூட முடியல. ரெண்டாம் நாளு அந்த ஊரு சர்ச்சு சாமியாரு ஒருத்தரு அவரு வூட்டுக்கு இட்டுனு போனாரு. இல்லாங்காட்டி பொணமாத்தான் வந்திருப்பேன். குளிருச்சாடான்னு உங்கள்ல ஒருத்தராவது கேட்டீங்களாண்ணா?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்துத் தள்ளினார். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதே தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்தோம். தினமும் பார்த்துக்கொண்டோம், வணக்கம் சொல்லிக்கொண்டோம். எத்தனையோ முறை அவர் எதிரே வரும்போது அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட வேண்டும் என்று வாய்வரைக்கும் வரும். இத்தனை நாள் கழித்து இவன் எதற்காகக் கேட்கிறான் என்று அவர் சந்தேகப்படுவாரோ என்று நினைத்து, கடைசிவரை கேட்கவே இல்லை.